முகத்துக்கு நேரே பேசிய தோழர்: மௌலானா அபுல் கலாம் ஆஸாத் (ரஹ்)

ஆண்டறிக்கையோடு இணைந்து வெளிவரும் இம்மலரில் ஒரு பெரியாரின் வாழ்வை எழுதித் தருமாறு நிர்வாகக் கமிட்டியினர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். யாரை எழுதுவது என்று சில நாட்கள் யோசித்தோம். இறைநேசர்களின் வரலாற்றை நம் மக்கள் ஓரளவு அறிவார்கள். எனவே இம்முறை வேறொரு தேவையை முன்வைத்து மௌலானா அபுல் கலாம் ஆஸாத் அவர்களைத் தேர்ந்தெடுத்தோம்.

அந்தத் தேவை என்னவென்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். இஷா தொழுகை முடிந்த பிறகு நம் அறைக்கு வந்து அமர்பவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பிறரைப் பற்றிய மனக்குறையோடு வருகின்றனர். இன்னார் வட்டித் தொழிலில் இறங்கிவிட்டார், இன்னார் மனைவியை மரியாதையின்றி நடத்துகிறார், இன்ன நிர்வாகி எவரிடமும் கலந்து பேசாமல் முடிவெடுக்கிறார் என்றெல்லாம் சொல்வார்கள். சொல்வதில் பொய் இல்லாமலும் இருக்கலாம். அவரிடமே இதைச் சொன்னீர்களா என்று நாம் கேட்டால் மட்டும் பதில் வராது. பகைத்துக்கொள்வானேன் என்ற எண்ணம். முன்பு கேளம்பாக்கம் உப்பளங்களும் நாலைந்து தெருக்களுமாக இருந்தபோது ஒருவரையொருவர் பாட்டனார் பெயர் சொல்லி அறிந்திருந்தார்கள். தவறு செய்தவனைத் தெருவிலேயே நிறுத்திக் கண்டிக்கப் பெரியவர்கள் இருந்தார்கள். இன்று பழைய மகாபலிபுரம் சாலையின் இருபுறமும் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. பல ஊர்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஒரே ஸஃப்பில் நின்று தொழுகின்றனர், ஸலாம் சொல்லிக்கொள்கின்றனர், அத்தோடு பிரிந்துவிடுகின்றனர். ஒரு முஃமின் இன்னொரு முஃமினுக்குக் கண்ணாடி என்று நபி (ஸல்) அவர்கள் உவமித்துச் சொன்ன செய்தியை நாம் மிம்பரில் பலமுறை விளக்கியிருக்கிறோம். கண்ணாடி முகத்திற்கு எதிரே நின்றுதான் குறையைக் காட்டும். முதுகுக்குப் பின்னால் அது எதையும் காட்டுவதில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

மௌலானா அவர்கள் 1888 ஆம் ஆண்டு நவம்பர் 11 ஆம் நாள் புனித மக்காவில் பிறந்தார்கள். இயற்பெயர் முஹ்யித்தீன் அஹ்மத். தந்தை மௌலானா கைருத்தீன் அவர்கள் முரீதுகள் பலரைக் கொண்ட ஆலிம். தாயார் மதீனாவின் அறிஞர் குடும்பத்தைச் சேர்ந்த அரபுப் பெண்மணி. மௌலானா குழந்தையாக இருந்தபோதே குடும்பம் கல்கத்தாவில் வந்து தங்கியது. வந்த சிறிது காலத்தில் தாயார் வஃபாத்தாகிவிட்டார்கள். ஆங்கிலப் பள்ளிக்கூடம் எதற்கும் தந்தையார் பிள்ளையை அனுப்பவில்லை. வீட்டிலேயே கல்வி. நம்மைப் போன்றவர்கள் மதரஸாவில் ஏழெட்டு ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டு ஓதிய அதே நிஜாமிய்யா பாடத்திட்டத்தை அன்னார் பதினாறு வயதிற்குள் முடித்துவிட்டு, தம்மைவிட மூத்த மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார்கள் என்பதை எழுதும்போது நமக்குச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது. பரம்பரையாக வந்த கருத்துகளை ஆராயாமல் ஏற்பதில்லை என்ற முடிவோடு ஆஸாத், அதாவது விடுதலை பெற்றவன், என்ற புனைபெயரைச் சூட்டிக்கொண்டார்கள்.

1912 ஆம் ஆண்டு ஜூலையில் கல்கத்தாவிலிருந்து அல் ஹிலால் என்ற உர்து வார இதழைத் தொடங்கினார்கள். அப்போது அன்னாருக்கு வயது இருபத்து மூன்று. ஆங்கிலேயருக்கு விசுவாசமாக இருப்பதே முஸ்லிம்களுக்குப் பாதுகாப்பு என்று அலிகர் வட்டாரத் தலைவர்கள் போதித்து வந்த காலம் அது. அவர்கள் செல்வாக்கு மிக்கவர்கள், வயதில் மூத்தவர்கள். அவர்களை எதிர்த்துத் தம் சமுதாயத்திற்கே கசப்பான உண்மைகளை வாரந்தோறும் எழுதினார்கள். கொலை மிரட்டல் வரை வந்தது. ஆயினும் இரண்டே ஆண்டுகளில் வாரம் 26,000 பிரதிகள் விற்கும் அளவுக்கு இதழ் வளர்ந்ததாக மௌலானா எழுதியிருக்கிறார்கள். 1914 இல் அரசு பிணைத்தொகையைப் பறிமுதல் செய்யவே இதழ் நின்றது. அடுத்து அல் பலாக் என்ற இதழ். 1916 இல் வங்காளத்தை விட்டே வெளியேற்றப்பட்டார்கள். வேறு பல மாகாணங்களும் நுழையத் தடை விதித்திருந்தமையால் ராஞ்சிக்குச் சென்றார்கள். அங்கே 1919 இறுதி வரை காவலில் வைக்கப்பட்டார்கள். அந்தக் காவல் காலத்திலும் ராஞ்சிப் பள்ளிவாசலில் ஜும்ஆ பயான் செய்தார்கள். ஒரு மதரஸாவையும் நிறுவினார்கள். தர்ஜுமானுல் குர்ஆன் என்னும் தஃப்ஸீர்ப் பணியின் கையெழுத்துப் பிரதிகளைப் போலீஸார் அள்ளிச் சென்றனர். பின்னர் அதை மீண்டும் எழுத நேர்ந்தது. நாம் ஒரு ஜும்ஆவின் குறிப்புத் தாளைத் தொலைத்துவிட்டால்கூட அன்று முழுதும் தவித்துப்போகிறோம்.

காந்தியடிகளை மௌலானா முதன்முதலாக 1920 ஜனவரியில் டில்லியில் சந்தித்தார்கள். ஒத்துழையாமைத் திட்டத்தை அவர் முன்வைத்தபோது, உடனிருந்த பெரியவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றனர். மௌலானா தயக்கமின்றி அங்கேயே ஏற்றுக்கொண்டார்கள். பின்னாளில் மௌலானா அவரோடு பலமுறை மாறுபட்டார்கள் என்பதைப் படிக்கும்போது இந்தத் தொடக்கத்தை மறந்துவிடக் கூடாது. ஆதரிக்க வேண்டிய நேரத்தில் முதல் ஆளாக ஆதரித்தவர்தாம் பிற்பாடு மறுத்துப் பேசினார்.

1923 ஆம் ஆண்டு காங்கிரஸ் இரண்டாகப் பிளவுபடும் நிலைக்கு வந்தது. சட்டசபைக்குள் போகலாம் என்று சித்தரஞ்சன் தாஸ், மோதிலால் நேரு, ஹகீம் அஜ்மல் கான் ஆகியோரும், போகக் கூடாது என்று நம் தமிழகத்து இராஜாஜி, வல்லபாய் பட்டேல், இராஜேந்திர பிரசாத் ஆகியோரும் கொடிபிடித்து நின்றனர். அவ்வாண்டு டில்லியில் கூடிய சிறப்பு மாநாட்டிற்கு மௌலானாவைத் தலைவராக்கினர். வயது முப்பத்தைந்துகூட நிரம்பவில்லை. இரு தரப்பிற்கும் நடுவில் நின்று, அவரவர் வழியில் உழைக்கலாம், ஒருவரையொருவர் தடுக்கலாகாது என்ற உடன்பாட்டை எட்டச் செய்தார்கள். இரு தரப்பும் நம்பும் ஒருவர் இருந்தமையால்தான் அது முடிந்தது.

1940 ஆம் ஆண்டு ராம்கர் மாநாட்டிலிருந்து 1946 வரை மௌலானாவே காங்கிரஸ் தலைவர். இந்த ஆறு ஆண்டுகளைத்தான் நாம் விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

ஹிட்லரின் படைகள் பிரான்சை வீழ்த்திய காலம். அஹிம்சை என்பது எந்நிலையிலும் மீறக்கூடாத கொள்கை, படையெடுத்து வருபவனையும் ஆயுதமின்றியே எதிர்கொள்ள வேண்டும் என்பது காந்தியடிகளின் நம்பிக்கை. மௌலானாவின் கருத்து வேறு. விடுதலைப் போராட்டத்திற்கு அஹிம்சையே உகந்த வழி. ஆனால் நாளை சுதந்திர நாடாகும்போது தன்னைக் காத்துக்கொள்ளப் படை வேண்டாம் என்று தேசத்தின் கையைக் கட்டிவிட இயலாது. இதை அவரிடமே நேரில் சொன்னார்கள். காரியக் கமிட்டியில் சொன்னார்கள். 1940 ஜூலையில் பூனாவில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டியின் தீர்மானமாகவும் ஆக்கினார்கள். நாடே மகாத்மா என்று கொண்டாடிய ஒருவரின் ஆணிவேரான கொள்கையிலேயே அவரோடு உடன்படாமல் நின்றார்கள். மூத்த தோழர் சிலர் பதவி விலகுவதாக எழுதினர். அவர்களோடும் மௌலானா உறவை முறித்துக்கொள்ளவில்லை. அரசாங்கம் காங்கிரஸின் கோரிக்கையை ஏற்காமல் போனதால் அந்த விவாதம் தானே தணிந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1942 ஏப்ரலில் இராஜாஜி அவர்கள், முஸ்லிம் லீக்கின் கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்று அவர்களோடு சமரசம் காண வேண்டும் என்று சென்னை மாகாணக் காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர்களைத் தீர்மானம் நிறைவேற்றச் செய்தார். இராஜாஜியைப் பொறுத்தவரை அதுவும் தோழர்களுக்குச் சொல்லப்பட்ட கசப்பான உண்மைதான். தலைவராகிய மௌலானாவுக்கு அது வருத்தமளித்தது. கருத்து மாறுபாடு ஒருபுறமிருக்க, காரியக் கமிட்டியின் தோழர்களிடம் முதலில் பேசாமல் வெளியே தீர்மானம் போட்டது முறையன்று என்பதே அன்னாரின் குறை. இராஜாஜி காரியக் கமிட்டியிலிருந்து விலகினார். அலகாபாத்தில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி 120 க்கு 15 என்ற வாக்குக் கணக்கில் அவருடைய யோசனையை நிராகரித்தது. ஆயினும் தம் கருத்தை அவர் கைவிடவுமில்லை. இருவரும் பின்னர் சுதந்திர இந்தியாவின் அரசில் ஒன்றாகப் பணியாற்றினர். உண்மையைச் சொல்வதிலும் யாரிடம் முதலில் சொல்வது என்ற ஒழுங்கு இருக்கிறது என்பதை இந்நிகழ்ச்சி நமக்குக் காட்டுகிறது. நம் மஹல்லாவின் பிரச்சினைகளில் பாதி, சொன்ன விஷயத்தால் அல்லாமல் சொன்ன இடத்தால் வந்தவை என்பது நம் அனுபவம்.

அதே 1942 ஜூலை. வார்தாவில் காரியக் கமிட்டி கூடியது. வெள்ளையனே வெளியேறு இயக்கத்தைத் தொடங்கிவிட வேண்டும் என்பதில் காந்தியடிகள் உறுதியாக இருந்தார். ஜப்பானியப் படை எல்லையருகே நிற்கும்போது அரசாங்கம் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வரும் என்று அவர் எதிர்பார்த்தார். மௌலானா அதை ஏற்கவில்லை. தீர்மானம் நிறைவேறிய மறுகணமே தலைவர்கள் அனைவரையும் சிறையில் அடைத்துவிடுவார்கள், வழிகாட்ட ஆளின்றி மக்கள் தவிப்பார்கள் என்றார்கள். நாள் கணக்கில் விவாதம் நடந்தது. ஜவஹர்லால் நேருவும் ஓரளவு மௌலானாவின் பக்கமே இருந்தார்.

அப்போது நடந்ததை மௌலானா தம் நூலில் எழுதியிருப்பதன்படி சொல்கிறோம். ஜூலை 7 ஆம் நாள் காந்தியடிகளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நம்மிருவருடைய நோக்குகளும் இவ்வளவு விலகியிருக்கும்போது சேர்ந்து உழைக்க இயலாது. தம்முடைய தலைமை வேண்டுமானால் மௌலானா தலைவர் பதவியையும் காரியக் கமிட்டியையும் விட்டு விலக வேண்டும், ஜவஹர்லாலும் அவ்வாறே செய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. மௌலானா அக்கடிதத்தை நேருவுக்குக் காட்டினார்கள். சர்தார் பட்டேலும் அதைப் படித்து அதிர்ந்தார். அரசியலில் மௌலானாவோடு பல விஷயங்களில் ஒத்துப்போகாத அவரே, இது தகாது என்று காந்தியடிகளிடம் சென்று எடுத்துச் சொன்னார். அன்று நண்பகலிலேயே காந்தியடிகள் மௌலானாவை அழைத்தனுப்பினார். அவசரத்தில் எழுதிவிட்டதாகவும் கடிதத்தைத் திரும்பப் பெறுவதாகவும் கூறினார். பிற்பகலில் கமிட்டி கூடியதும், எல்லோர் முன்னிலையிலும், பிழை செய்தவன் வருந்தி மௌலானாவிடம் வந்திருக்கிறான் என்ற பொருள்படத் தாமே பேச்சைத் தொடங்கினார்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்றுவிட்டோம். மறுத்துப் பேசிய மௌலானாவின் துணிவு பெரிதா, கோபத்தில் எழுதியதைச் சபை நடுவே திரும்பப் பெற்ற அந்த முதியவரின் பணிவு பெரிதா என்று நமக்குத் தெரியவில்லை. நம் சொந்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறோம். நாம் இமாமத்துக்கு வந்த புதிதில், மதரஸாவில் நம்மோடு ஓதிய தோழர் ஒருவர் நம் ஜும்ஆ பயானைக் கேட்க வந்திருந்தார். தொழுகைக்குப் பின் கோவளம் சாலை முனையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, உங்கள் பயான் மக்களுக்காக இல்லை, உங்களுக்காக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். கடினமான அரபுச் சொற்களை அடுக்கியதையும், ஓர் ஏழை முதியவர் வெயிலில் வெளியே அமர்ந்திருக்கும்போது நாம் நேரம் கடத்தியதையும் சுட்டிக்காட்டினார். நாம் அவரிடம் எட்டு மாதங்கள் பேசவில்லை. எட்டு மாதங்கள்! காந்தியடிகளுக்கு அரை நாள் போதுமானதாக இருந்தது. பெருநாளன்று அத்தோழரே நம் வீட்டுக்கு வந்து ஸலாம் சொன்னார். அதற்குள் பயானைக் குறைத்துவிட்டிருந்தோம் என்பது வேறு விஷயம். அவரிடம் அதை ஒப்புக்கொள்ள மட்டும் இன்னும் சில ஆண்டுகள் ஆயின.

மௌலானாவின் எச்சரிக்கை பலித்தது. ஆகஸ்டு 8 ஆம் நாள் இரவு பம்பாயில் தீர்மானம் நிறைவேறியது. 9 ஆம் நாள் விடியற்காலையில் எல்லோரும் கைதாயினர். தம் கருத்து தோற்றபோதிலும் தலைவர் என்ற முறையில் அந்தக் கூட்டத்தை நடத்திக் கொடுத்தவர்கள் மௌலானாவே. கைதிகளை ஏற்றிய ரயிலில் காந்தியடிகளின் முகத்தைக் கண்டபோது, அவ்வளவு சோர்ந்த நிலையில் அவரை அதற்குமுன் கண்டதில்லை என்று எழுதுகிறார்கள். நான் அப்போதே சொல்லவில்லையா என்ற சொல்லை மௌலானா கேட்டதாக எங்கும் இல்லை.

காந்தியடிகளைப் பூனாவிலும் காரியக் கமிட்டியினரை அஹ்மத் நகர்க் கோட்டையிலும் அடைத்தனர். அங்கே நேருவும் மௌலானாவும் மூன்றாண்டுக் காலம் அருகருகே வாழ்ந்தனர். நேரு ஒரு பெரிய நூலை எழுதினார். மௌலானாவோ மௌலானா ஹபீபுர் ரஹ்மான் கான் ஷெர்வானி என்ற தம் நண்பருக்கு, அனுப்ப முடியாது என்று தெரிந்தே கடிதங்கள் எழுதினார்கள். குபாரே காதிர் என்ற பெயரில் 1946 இல் அவை நூலாயின. உர்து உரைநடையின் சிகரங்களில் ஒன்று அது. இடையே சீனத் தேயிலையைப் பற்றி மிக விரிவாக எழுதி, நம் நாட்டார் தேநீரில் பாலைக் கலந்து கெடுப்பதாகக் கடிந்துகொள்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் கேளம்பாக்கத்து மக்கள் அன்னாரைப் பின்பற்றப் போவதில்லை.

அக்கடிதங்களில் ஒன்று படிப்போர் நெஞ்சை உருக்குவது. மௌலானாவின் துணைவியார் ஜுலைகா பேகம் கல்கத்தாவில் நோயுற்றிருந்தார்கள். நிலைமை மோசமென்ற செய்தி சிறைக்கு வந்தது. அரசாங்கத்திடம் விண்ணப்பித்தால் சென்று பார்த்து வரலாம், எழுதித் தந்தால் உடனே அனுப்பிவைக்கிறேன் என்று சிறை அதிகாரி கூறினார். மௌலானா மறுத்துவிட்டார்கள். நேரு வந்து அதுபற்றிப் பேசிப் பார்த்தார். மௌலானா தம் உறுதியைச் சொன்னதும் மௌனமாகத் திரும்பிச் சென்றார். 1943 ஏப்ரல் 9 ஆம் நாள் துணைவியார் வஃபாத்தானார்கள். மௌலானா பார்க்கவில்லை. சில மாதங்களில் போபாலில் சகோதரியும் மறைந்தார்கள். தோழன் ஒருமுறை சொல்ல வேண்டும். சொன்னபின் விலகி நிற்கவும் தெரிய வேண்டும். அன்று நேரு அதைச் செய்தார். கைதாகும்போது 170 பவுண்டு இருந்த மௌலானாவின் எடை, கோட்டையிலிருந்து மாற்றப்படும்போது 130 ஆகக் குறைந்திருந்தது.

1945 ஜூனில் விடுதலை. 1946 இல் அமைச்சரவைத் தூதுக்குழு வந்தது. மாகாணங்களுக்குப் பெரும் அதிகாரம் தந்து நாட்டைப் பிரிக்காமல் வைக்கும் திட்டத்தைக் காங்கிரஸும் லீகும் ஏற்றுக்கொண்ட ஒரு சிறிய இடைவெளி வந்தது. அதற்கு மௌலானா உழைத்த உழைப்பு பெரிது. அந்நேரத்தில்தான் தலைவர் பதவியை நேருவிடம் ஒப்படைத்தார்கள். ஜூலை 10 ஆம் நாள் பம்பாயில் பத்திரிகையாளர்களைச் சந்தித்த நேரு, அரசியல் நிர்ணய சபைக்குள் எந்த உடன்பாட்டிற்கும் கட்டுப்படாமல் நுழைவோம் என்ற கருத்தில் பேசிவிட்டார். ஜின்னா சாஹிப் அதைப் பிடித்துக்கொண்டார். லீக் தன் ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. ஆகஸ்டு 16 ஆம் நாள் கல்கத்தா இரத்தக்காடாயிற்று. இடையில் காரியக் கமிட்டியைக் கூட்டச் செய்து, காங்கிரஸ் திட்டத்தை முழுமையாக ஏற்கிறது என்று விளக்கத் தீர்மானம் போட மௌலானா வற்புறுத்தினார்கள். பலன் இல்லை.

பிரிவினை நெருங்கியபோது பட்டேலிடமும் நேருவிடமும் காந்தியடிகளிடமும் தனித்தனியே சென்று மன்றாடினார்கள். ஆனால் 1947 ஜூன் தொடக்கத்தில் காரியக் கமிட்டி முடிவெடுத்தபோது, அந்தச் சிறிய அறையின் மூலையில் ஒரு நாற்காலியில் அமர்ந்து, ஓயாமல் சிகரெட் புகைத்தபடி, ஒரு சொல்லும் பேசாமல் இருந்தார்கள் என்று அங்கிருந்த ராம் மனோகர் லோகியா பின்னாளில் எழுதினார். (புகைப்பதை நாம் நியாயப்படுத்தவில்லை.) அந்த மௌனத்தை எப்படி எடுத்துக்கொள்வது? சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடித்தவரின் களைப்பு என்பாரும் உண்டு. சொல்ல வேண்டிய சபையில் சொல்லாமல் விட்ட குறை என்பாரும் உண்டு. நாம் முதல் கூற்றின் பக்கம் சாய்கிறோம். ஆனாலும் மனம் முழுமையாக அமைதியடையவில்லை.

அதன்பின் வந்த மாதங்களில் டில்லி முஸ்லிம்கள் உயிருக்கு அஞ்சி, பழைய கோட்டையிலும் ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்திலும் கூட்டம் கூட்டமாக அடைக்கலம் புகுந்தனர். 1947 அக்டோபரில் டில்லி ஜும்ஆ மஸ்ஜிதில் மௌலானா ஆற்றிய உரை இன்றும் பேசப்படுகிறது. ஆறுதல் தேடி வந்த மக்களிடம் வெறும் ஆறுதல் மொழி பேசவில்லை. நான் எச்சரித்தபோதெல்லாம் நீங்கள் செவிசாய்க்கவில்லை என்று நினைவூட்டினார்கள். பிறகு, இந்த மண்ணையும் இந்த மினாராக்களையும் விட்டுவிட்டு எங்கே ஓடுகிறீர்கள், அச்சம் முஸ்லிமுக்கு அழகா என்று உரிமையோடு கேட்டார்கள். மூட்டை முடிச்சோடு வந்தவர்களில் சிலர் அந்த உரையைக் கேட்டு வீடு திரும்பினர் என்பர். அவ்வாண்டு டிசம்பரில் லக்னோவில் ஒரு மாநாட்டைக் கூட்டி, முஸ்லிம்கள் சமுதாயப் பெயரிலான அரசியல் கட்சிகளை விட்டுவிட வேண்டும் என்று அறிவுரை கூறினார்கள். நம் தென்னகத்துப் பெரியார்கள் அதை ஏற்கவில்லை. காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் (ரஹ்) அவர்கள் 1948 மார்ச் 10 ஆம் நாள் சென்னையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீகைத் தோற்றுவித்தார்கள். எது சரி என்று தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் வேலையன்று. இரு பெரியார்களும் சமுதாயத்தின் நலனை நாடியே பேசினார்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை.

1948 ஜனவரியில் டில்லியின் அமைதிக்காகக் காந்தியடிகள் உண்ணாநோன்பிருந்தார். அதை முடிப்பதற்கான நிபந்தனைகளை அவரிடம் கேட்டறிந்து மக்கள் கூட்டத்தில் அறிவித்தவர்கள் மௌலானா. பள்ளிவாசல்களைத் திருப்பித் தருவதும், முஸ்லிம்கள் அச்சமின்றி நடமாட விடுவதும் அந்நிபந்தனைகளில் அடங்கும். 18 ஆம் நாள் எல்லாத் தரப்பாரும் உறுதியளித்தபின், நோன்பை முடிக்கப் பழச்சாற்றை அவர் கையில் கொடுத்தவர்களும் மௌலானாவே. ஆறு ஆண்டுகளுக்கு முன் பதவி விலகுமாறு கடிதம் எழுதிய கை அது. பன்னிரண்டு நாட்களில் காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சுதந்திர இந்தியாவின் முதல் கல்வி அமைச்சராக மௌலானா செய்த பணிகள் நம் பிள்ளைகள் பாடநூல்களில் படிப்பவை: 1951 இல் கரக்பூரில் முதல் ஐ.ஐ.டி., 1953 இல் பல்கலைக்கழக மானியக் குழு, 1954 இல் சாகித்திய அகாடமி. இந்தச் சாலையில் காலையும் மாலையும் பேருந்துகளில் நிரம்பி வழியும் கணினித் துறை இளைஞர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நாம் நினைத்துக்கொள்வதுண்டு. அன்னாரின் பிறந்த நாளாகிய நவம்பர் 11 ஐ 2008 முதல் தேசியக் கல்வி நாளாகக் கொண்டாடுகின்றனர். 1992 இல் பாரத ரத்னா விருதும் அறிவிக்கப்பட்டது.

இறுதிக் காலத்தில் மௌலானா உர்துவில் சொல்லச் சொல்ல, ஹுமாயூன் கபீர் அவற்றை ஆங்கிலத்தில் எழுதினார். இந்தியா விடுதலை பெற்ற கதையைச் சொல்லும் அந்நூலில் நேருவின் பிழைகள் என்று தாம் கருதியவற்றை மௌலானா மறைக்கவில்லை. 1937 இல் ஐக்கிய மாகாண அமைச்சரவையில் லீகுக்கு இடம் தருவதில் காட்டிய பிடிவாதம், 1946 ஜூலை 10 ஆம் நாள் பேச்சு இரண்டையும் எழுதினார்கள். தம்மையும் விடவில்லை, 1946 இல் தலைமையை விட்டு விலகியதே தம் வாழ்வின் பெரும் தவறு என்றார்கள். சுமார் முப்பது பக்கங்களை மட்டும் முத்திரையிட்டு, முப்பது ஆண்டுகள் கழித்தே வெளியிட வேண்டும் என்று கூறிவிட்டார்கள்.

1958 பிப்ரவரி 22 ஆம் நாள் மௌலானா வஃபாத்தானார்கள். மறு ஆண்டு நூல் வெளிவந்தது. முத்திரையிட்ட பக்கங்கள் 1988 இல் திறக்கப்பட்டன. அவற்றில் விமர்சனம் இன்னும் கூர்மையாக இருந்தது. அப்போது நேருவும் பட்டேலும் உயிரோடு இல்லை. பதில் சொல்ல இயலாதவர்களைப் பற்றி இவ்வாறு எழுதலாமா என்று கேட்டவர்கள் உண்டு. காந்தியடிகளுக்கும் இராஜாஜிக்கும் பேரரான ராஜ்மோகன் காந்தி, நூலில் தகவல் பிழைகள் பல இருப்பதாக 1989 இல் ஒரு தனி நூலே எழுதினார். ஓர் ஆலிம் என்ற முறையில் நமக்கும் இக்கேள்வி எழுந்தது. புறம் பேசுதலுக்கும் வரலாற்றுச் சாட்சியத்திற்கும் இடையிலுள்ள கோடு மெல்லியது. நமக்குத் தோன்றுவது இதுதான்: அந்நூலில் உள்ளவற்றில் முக்கியமானவற்றை மௌலானா உரிய காலத்தில் உரியவரிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்கள். காந்தியடிகளிடம் வார்தாவில் சொன்னார்கள், இராஜாஜியிடம் சொன்னார்கள், 1946 இல் தோழர்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்கள். அவ்வாறு சொல்லாமல் விட்டது ஏதேனும் அந்த முப்பது பக்கங்களில் இருக்குமானால், அந்த அளவுக்கு அது குறைதான். பெரியார்களிடமும் குறை காண்பது மரியாதைக் குறைவு என்று நாம் எண்ணவில்லை. மௌலானாவே அப்படி எண்ணாதவர்கள்.

டில்லி ஜும்ஆ மஸ்ஜிதின் படிகளுக்கு எதிரே, செங்கோட்டைக்குப் போகும் திடலில் அன்னார் அடக்கப்பட்டுள்ளார்கள். 1947 இல் மக்களைக் கடிந்துகொண்ட இடத்திலிருந்து அது கூப்பிடு தூரம். நேருவை அத்தனை இடங்களில் மறுத்து எழுதிய அந்நூலின் முதல் பக்கத்தைத் திருப்பினால், அது ஒருவருக்குக் காணிக்கையாக்கப்பட்டிருப்பதைக் காணலாம். தோழர், நண்பர் என்று சொல்லி மௌலானா அங்கே எழுதியிருக்கும் பெயர் ஜவஹர்லால் நேரு.

அல்லாஹ் அன்னாரின் கப்ரை ஒளிமிக்கதாக ஆக்குவானாக. ஆமீன்.